முனியராஜ் போட்ட தண்ணி நாள்

இருபத்தெட்டாம் தேதித் தாளைக் கிழித்தால் அடியில் மார்ச் ஒன்று இருக்க வேண்டும். இருபத்தொன்பது இருந்தது.

முனியராஜ் வாயில் பிரஷ்ஷோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தான். அப்புறம் அட்டையில் போட்டிருந்த வருசத்தைப் பார்த்தான். 2008. மனசுக்குள் நாலால் வகுத்தான். மிச்சமில்லாமல் வகுபட்டது. பற்பசை நுரையை அப்படியே விழுங்கிவிட்டான்.

அந்தக் காலண்டரில் தேதி, நல்ல நேரம், ராகு காலம், சூலம் எல்லாம் அவன் வேலை பார்க்கிற காலண்டர்க் கம்பெனியில் எல்லோருக்கும் அடிக்கிறதுதான். அதில் பிழை வராது. பிழை இருந்தது, தாளின் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு ஓடிய பட்டையில். அந்தப் பட்டை முனியராஜ் போட்டது.

கண்மாய்க்கரை வார்டு கவுன்சிலர் ராஜபாண்டியன், புது வருசத்துக்கு வார்டில் இருக்கிற இருநூற்றுப் பத்து வீட்டுக்கும் தினசரிக் காலண்டர் கொடுத்திருந்தார். அட்டையில் அவர் கைகூப்பிக்கொண்டு நிற்பார். "சும்மா என் மூஞ்சிய மட்டும் மாட்டிவச்சா எவன் பாப்பான்? சனங்களுக்குப் பிரயோசனமா ஏதாச்சும் போடுங்கப்பா" என்று அவர் சொன்னதால்தான் அடியில் வார்டுச் செய்தி வந்தது. வீட்டு வரி கட்டக் கடைசி நாள், கொசு மருந்து அடிக்கிற நாள், குப்பை வண்டி வருகிற நாள், போலியோ சொட்டு மருந்து. எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணி நாள். வார்டுக்கு ஒன்பது நாளைக்கு ஒருதரம் தண்ணீர் என்று நகராட்சி ஆபீசில் ஒரு கணக்கு இருந்தது. அந்தந்தத் தேதியில் ஒரு நீலச் சொட்டு.

கம்ப்யூட்டரில் எழுத்துக் கோர்க்கிற வேலை முனியராஜுக்கு. ஆடி முடிந்து காலண்டர் சீசன் சூடுபிடித்திருந்த நேரத்தில், ஒன்பது ஒன்பதாக எண்ணி வருசம் முழுக்கச் சொட்டு வைத்தான். எண்ணுவதற்கு வசதியாக எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. 2007-ஆம் வருசத்துக் காலண்டர்.

அதில் பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள்தான்.

கட்டிலில் உட்கார்ந்து விரலை மடக்கினான். கடைசியாகத் தண்ணீர் வந்தது பிப்ரவரி இருபத்தேழு, புதன்கிழமை. சொட்டு வைத்த நாளில் சொன்னபடி வந்தது. அதிலிருந்து ஒன்பதாம் நாள் மார்ச் ஏழு, வெள்ளிக்கிழமை. காலண்டரிலோ சொட்டு மார்ச் எட்டு, சனிக்கிழமையில் உட்கார்ந்திருந்தது.

ஒரு நாள்தானே என்று வேறு யாராக இருந்தாலும் விட்டுவிடுவார்கள். முனியராஜால் முடியாது. மார்ச் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, அவனுக்கும் இசைவாணிக்கும் நிச்சயதார்த்தம். அந்தத் தேதியை இசைவாணியின் அம்மா சண்முகத்தாய் குறித்ததே அந்தச் சொட்டைப் பார்த்துத்தான்.

"சனிக்கெளம தண்ணி வருது. டிரம்மு பூராம் ரொப்பி வச்சிட்டா, ஞாயித்துக்கெளம எத்தன பேரு வந்தாலும் கை நனைச்சிட்டுப் போகலாம்" என்றாள் அவள். மாப்பிள்ளையைப் பிடித்ததும் அந்தச் சொட்டுக்காகத்தான். "ரெண்டு மாசமாப் பாக்கேன், ஒரு நாளு தப்பல. கணக்குல பெசகாத பையன். குடும்பத்தையும் பெசகாம நடத்துவான்." அவள் புருசன் சோலைமலை, வாழ்க்கையில் தான் சொல்ல வேண்டிய ஒரே வார்த்தையை அப்போதும் சொன்னார். "அதான."

செல்போன் அடித்தது. ஏழாயிரம்பண்ணையிலிருந்து அம்மா, காயின் போனில்.

"ஏலே முனியா, ஒரு வேனு பத்தாதுடா. பட்டாசு ஆபீசுல என் கூட வேல பாக்குறவுக அம்புட்டுப் பேரும் வாராக. ரெண்டு வேனாப் பிடிச்சிட்டேன். அங்கன தண்ணி வசதியெல்லாம் இருக்கும்ல?"

"இருக்கும்மா."

"ஏண்டா கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

"பேஸ்ட்ட முழுங்கிட்டேன்."

கம்பெனியில் இசைவாணி பைண்டிங் பகுதியில் இருந்தாள். தாள் கட்டின் தலையில் தகரம் வைத்து அடிக்கிற வேலை. முனியராஜ் போய் அவள் பக்கத்தில் நின்றான்.

"என்ன, பேயறஞ்ச மாதிரி வாரீக?"

"இசை, பிப்ரவரிக்கு எத்தன நாளு?"

"இருவத்தெட்டு. இந்த வருசம் இருவத்தொம்பது. இன்னைக்குத் தேதி அதான?"

"நான் இருவத்தெட்டுன்னு வச்சு எண்ணிட்டேன்."

"எத?"

"தண்ணிய."

சுத்தியல் நின்றது. அவளும் விரலை மடக்கினாள். அவளுக்கு அவனைவிடச் சீக்கிரம் விடை வந்தது.

"எங்கம்மாட்டச் சொல்லிருங்க."

"சொன்னா?"

"வைவாக."

"வஞ்சுட்டு?"

"நிச்சயத்த நிறுத்திருவாக."

"அப்பச் சொல்ல வேண்டாம்."

அவள் தலையில் அடித்துக்கொள்ளப் போனாள். கையில் சுத்தியல் இருந்ததால் விட்டுவிட்டாள். "அப்ப என்னதான் செய்யப் போறீக?"

முனியராஜ் அதற்குள் யோசித்து வைத்திருந்தான். லேபிள் தாளில் வெட்டிப் போட்ட ஓரங்கள் கம்பெனியில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அதில் நீலச் சொட்டு ஸ்டிக்கர் கொஞ்சம், வெள்ளை ஸ்டிக்கர் கொஞ்சம். வீடு வீடாகப் போய் வெள்ளிக்கிழமையில் நீலத்தை ஒட்டுவது, சனிக்கிழமைச் சொட்டின் மேல் வெள்ளையை ஒட்டுவது. வீட்டுக்கு அரை நிமிசம். யாருக்கும் எதுவும் தெரியாது.

முதல் வீடு உக்கிரபாண்டி வீடு. ராகு காலம் பார்க்காமல் சவரம்கூடச் செய்துகொள்ளாத மனுசர். முனியராஜ் காலண்டர்த் தாள்களைத் தூக்கி வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டியபோது பின்னாலேயே வந்து நின்றார்.

"ஏலே, என்னத்தலே ஒட்டுற?"

"சின்னத் திருத்தம்ணே."

உக்கிரபாண்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஸ்டிக்கர் வெட்டும்போது கொஞ்சம் தாராளமாக வெட்டிவிட்டிருந்தான்.

"ராகு காலத்தக் காணமே!"

"அடியில இருக்குண்ணே."

"அடியில இருந்தா நான் எப்பிடிலே பாக்க? சனிக்கெளம என் மகனுக்குப் பொண்ணு பாக்கப் போறேன். ராகு காலத்துல போயி நிக்கச் சொல்லுதியா? உனக்கு நல்லது நடந்தா மட்டும் போதுமோ?"

வெள்ளையை உரித்தாயிற்று. வெள்ளிக்கிழமை நீலம் மட்டும் நின்றது. உக்கிரபாண்டி இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஆக, வெள்ளிக்கும் சொட்டு, சனிக்கும் சொட்டு. ரெண்டு நாளும் தண்ணியா?"

இந்த இடத்தில் முனியராஜ் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவனும் அதற்காகத்தான் வாயைத் திறந்தான்.

"ஆமாண்ணே" என்றது வாய்.

"எதுக்கு ரெண்டு நாளு?"

"கூடுதலா விடுறாக."

"யாரு?"

"மேல."

உக்கிரபாண்டி மேலே பார்த்தார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

பதினேழு வீட்டுக்குமேல் முனியராஜ் போக வேண்டியிருக்கவில்லை. பதினெட்டாவது வீட்டில் அவனுக்கே சேதி சொன்னார்கள். "தம்பி, தெரியுமா? வர்ற வாரம் ரெண்டு நாளு தண்ணியாம்!"

தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒருதரம் என்றிருந்தவரை, வார்டில் ஒரு குடத்துத் தண்ணீருக்கு ஒரு குடும்பமே பொறுப்பு. அரிசி களைந்ததைச் செடிக்கு ஊற்றுவார்கள், துணி அலசினதை வாசலில் தெளிப்பார்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் வருகிறது என்றதும் கை தாராளமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் முனியராஜ் டீக்கடைக்குப் போகிறபோது, தெருவெல்லாம் மெத்தை உறையும் கம்பளியும் ஜமுக்காளமும் காய்ந்துகொண்டிருந்தன. கோட்டைச்சாமி தன் மொபெட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். அதுவும் சோப்புப் போட்டு.

"அண்ணே, கொஞ்சம் பாத்துச் செலவழிங்கண்ணே" என்றான் முனியராஜ்.

"நீ ஏன் தம்பி வெசனப்படுத? அதான் சொட்டு வச்சிட்டீகள்ல!" என்று கோட்டைச்சாமி இன்னொரு வாளியைத் தூக்கி ஊற்றினான். ஒரு விசயம் கேட்க வேண்டும் என்று பக்கத்தில் வந்தான். "அந்த ஸ்டிக்கர் மிச்சம் இருந்தா அஞ்சாறு குடு. ஏப்ரல்ல என் மச்சினன் வீட்டு ஆளுக வாராக."

செவ்வாய்க்கிழமை கம்பெனிக்கே வந்துவிட்டார் கவுன்சிலர் ராஜபாண்டியன். முனியராஜைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார்.

"தம்பி, நான் வார்டுக்கு ரெண்டு நாளு தண்ணி வாங்கிக் குடுத்துருக்கேனாம்ல?"

"அண்ணாச்சி, அது வந்து..."

"எனக்கே தெரியாதுப்பா. காலைல நாலு பொம்பளைக வீட்டுக்கு வந்து துண்டு போட்டுட்டுப் போனாக. ஊரே சொல்லும்போது நான் எப்பிடி இல்லன்னு சொல்ல? மரியாதையா இருக்குமா?"

"அண்ணாச்சி, அதுல ஒரு சின்ன..."

"சின்னதெல்லாம் ஆகாது. பன்னெண்டு அடிக்குப் பெருசா வைப்போம். ஃபிளெக்ஸ் போர்டு. நீயே எழுதிக் குடுத்துரு, உன் எழுத்துதான் ராசி."

தன் தலைவிதியை எழுதுகிற வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது. முனியராஜுக்குக் கிடைத்தது. "மார்ச் 7, 8. இரண்டு நாள் குடிநீர். வார்டின் தாகம் தீர்த்த அண்ணன் ராஜபாண்டியன் அவர்களுக்கு நன்றி" என்று அவனே கோர்த்து, அவனே எழுத்துப் பிழை பார்த்து அனுப்பினான். புதன்கிழமை சாயங்காலம் வார்டு முக்கில் போர்டு ஏறியது. அதிலும் கவுன்சிலர் கைகூப்பிக்கொண்டுதான் நின்றார்.

அன்றைக்கே இசைவாணி ஒரு யோசனை சொன்னாள். "தண்ணி தெறக்கிறவர்னு ஒருத்தர் இருப்பார்ல? அவர்ட்டப் போயி வெள்ளிக்கெளமயும் சனிக்கெளமயும் தெறந்து விடச் சொல்லிக் கெஞ்சுங்க."

தண்ணித் தொட்டிக்குக் கீழே போய்ப் பார்த்தான். கேட்டில் பூட்டுத் தொங்கியது. எதிர்ப் பெட்டிக்கடைக்காரர் சொன்னார்: "அவரா? விடியுமுன்ன வருவாரு, வால்வத் திருகுவாரு, அடுத்த வார்டுக்குப் போயிருவாரு. பத்து வருசமாக் கடை வச்சிருக்கேன். முதுகத்தான் பாத்துருக்கேன், மூஞ்சியப் பாத்ததில்ல."

சரி, வெள்ளிக்கிழமை தண்ணீர் வந்துவிடும். அது நிச்சயம். கணக்குப்படி வெள்ளிதான். சனிக்கிழமை வரவில்லையென்றால் வெள்ளிக்கிழமை பிடித்த தெம்பில் யாரும் கேட்க மாட்டார்கள். இப்படி மனசைத் தேற்றிக்கொண்டு முனியராஜ் அன்றைக்குச் சாப்பிட்டான். முக்கால் தோசை இறங்கியது.

மறுநாள் வியாழன், சிவராத்திரி. குலசாமி கோயிலுக்குப் போக வார்டே தலைக்குக் குளித்தது. வழக்கமாக ஒரு வாளியில் முடிகிற குளியல், அன்றைக்கு மூன்று வாளி. மத்தியானத்துக்குள் தெருவில் டிரம்களைத் தட்டினால் மேளம் மாதிரி சத்தம் கேட்டது.

முனியராஜ் உண்மையைச் சொல்லிவிடுவது என்று சண்முகத்தாய் வீட்டுக்குப் போனான். வழி முழுக்க வாக்கியத்தைத் தயார் பண்ணிக்கொண்டு போனான். 'அத்த, இந்த வருசம் பிப்ரவரிக்கு ஒரு நாளு கூடுதல்.' இவ்வளவுதான். இதில் அவன்மேல் என்ன தப்பு இருக்கிறது?

சண்முகத்தாய் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். சுவரெல்லாம் புது வெள்ளை. சோலைமலை ஏணிமேல் நின்று நிலைக்கு மேலே துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள! சாப்பிட்டீகளா? காலப் பாத்து வைங்க, வழுக்கும்."

"அத்த, இந்த வருசம் பிப்ரவரிக்கு..."

"பிப்ரவரி போனா போகுது. மார்ச்சப் பாருங்க!" அவள் முகமெல்லாம் சிரிப்பு. "எங்க அண்ணன்மாரு மூணு பேரு குடும்பத்தோட வாராக. நான் ஏன் பயப்படணும்? ரெண்டு நாளு தண்ணி. என் மருமகன் வச்ச சொட்டுன்னு தெருவு பூராம் சொல்லிட்டேன். நேத்து ஒருத்தி, 'ஏக்கா, அப்பிடியே எங்க வீட்டுக் காலண்டர்லயும் ரெண்டு வைக்கச் சொல்லு'ங்கா."

"அத்த, ஒருவேள தண்ணி..."

"இந்தா, இந்த டிரம்மக் கொஞ்சம் சாயிங்க. அடியில நிக்கி."

அந்த வீட்டில் கடைசியாகத் தண்ணீர் இருந்த டிரம் அது. கால்வாசிக்கு இருந்தது.

"இது நல்ல தண்ணிதான அத்த? இருந்துட்டுப் போகட்டுமே."

"பளைய தண்ணி எதுக்கு? நாளைக்குப் புதுத் தண்ணி வருதுல்ல? டிரம்மக் கழுவிக் கவுத்தணும்."

முனியராஜ் டிரம்மைப் பிடிக்கவில்லை. அவளே ஒரு கையால் சாய்த்தாள். தண்ணீர் வாசல் தாண்டி, தாழ்வாகத் தண்ணீர் பிடிக்கத் தோண்டிய குழாய்க் குழியைத் தாண்டி, தெருவில் இறங்கி வெயிலில் பளபளத்துக்கொண்டு போனது. முனியராஜ் அதை வழியனுப்புகிறவன் மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அதான" என்றார் ஏணிமேல் இருந்தவர்.

வெளியே வந்ததும் போன் அடித்தது. "முனியா, மூணு வேனு ஆயிருச்சுடா."

வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்கு ஆள் ஏற்றுகிற பட்டாசு ஆபீசு வேன் வார்டு முக்கில் வந்து நின்று ஹாரன் அடித்தது. யாரும் ஏறவில்லை. தீப்பெட்டி ஆபீசு வேனும் வந்தது. அதிலும் யாரும் ஏறவில்லை. "தண்ணி நாளுய்யா! நீங்க போங்க!" என்று வீட்டுக்குள்ளிருந்தே விரட்டினார்கள். இரண்டு வேனும் காலியாகத் திரும்பின.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குழாய்க் குழிக்குள் ஒரு ஆள் இறங்கி உட்கார்ந்திருந்தார். தலை மட்டும் வெளியே தெரிந்தது. குழியைச் சுற்றிக் குடம், டிரம், அண்டா, குக்கர்ப் பானை, கோட்டைச்சாமி வீட்டில் பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் உட்பட.

ஏழு மணி. குழாய் 'புஸ்' என்றது. வார்டே கைதட்டியது. அது காற்று.

எட்டு மணி. ஒன்பது மணி. பல் தேய்த்தவர்கள் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் இல்லாமல் நின்றார்கள். பத்து மணிக்கு எல்லாத் தலைகளும் குழியிலிருந்து வெளியே வந்தன. கவுன்சிலருக்குப் போன் போட்டார்கள், அணைத்து வைத்திருந்தார். முக்கில் இருந்த போர்டுக்குப் போய்த் திட்டினார்கள், அது கைகூப்பிக்கொண்டே நின்றது. கடைசியில் சண்முகத்தாய் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே முனியராஜ், கவிழ்த்து வைத்த டிரம்மின்மேல் உட்கார்ந்திருந்தான்.

"எங்கலே தண்ணி?" என்றார் உக்கிரபாண்டி.

முனியராஜ் எழுந்தான். இசைவாணி கதவுக்குப் பின்னாலிருந்து 'சொல்லுங்க' என்று கண்ணைக் காட்டினாள்.

"ரெண்டு நாளு தண்ணின்னு யாரும் சொல்லல. நான்தான் சொன்னேன். ஒரு நாளுதான். சனிக்கெளமன்னு போட்டது என் தப்பு. கணக்குப்படி வெள்ளிதான் வரணும். போன வருசக் காலண்டர வச்சு எண்ணிட்டேன். இந்த வருசம் பிப்ரவரிக்கு இருவத்தொம்பது நாளு."

எல்லோரும் விரலை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப வெள்ளிக்கெளமயான இன்னைக்கு ஏன் வரல?" என்றான் கோட்டைச்சாமி.

"அதான் எனக்குத் தெரியல."

"சனியும் தப்பு, வெள்ளியும் வரல. அப்ப தண்ணி எப்பத்தான்லே வரும்?" உக்கிரபாண்டியின் குரல் ஏறியது. "உன்ன நம்பி என் வீட்டுல கம்பளியத் தொவச்சாக! எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து தொவைக்காத கம்பளி!"

"நான் மொபெட்டுக்கு ஊத்துனேன்" என்று கோட்டைச்சாமி தன் பங்குக்கு அழுதான்.

சண்முகத்தாய் கழுவிக் கவிழ்த்த ஒன்பது டிரம்மையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புது வெள்ளை அடித்த சுவரைப் பார்த்தாள். கடைசியில் அவனைப் பார்த்தாள்.

"மூணு வேனு ஆளு. எங்க அண்ணன்மாரு வேற. ஒரு செம்புத் தண்ணி கிடையாது. வாரவுக கால் கழுவ எதக் குடுக்க? நீரு வச்ச ஸ்டிக்கரயா?"

"அத்த, நான் எப்பிடியாச்சும்..."

"அத்தன்னு சொல்லாதீரும். கணக்குல பெசகாத பையன்னு தெருவு பூராம் சொல்லி வச்சிருக்கேன். பிப்ரவரிக்கு எத்தன நாளுன்னு தெரியாத ஆளுக்கு நான் பிள்ளையத் தரவா? ஊருக்குப் போனப் போடும். வேன நிறுத்தச் சொல்லும். ஞாயித்துக்கெளம இங்கன ஒண்ணும் கிடையாது."

"எம்மா!" என்றாள் இசைவாணி.

"நீ உள்ள போ."

எல்லோரும் சோலைமலையைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மூடிக்கொண்டார். அவர் 'அதான' சொல்லாத ஒரே நாள் அது.

முனியராஜ் செல்போனை எடுத்தான். ஊரில் அம்மா வீட்டுக்குப் பக்கத்துக் கடை நம்பரை அழுத்தினான். இரண்டு தடவை தப்பாகப் போட்டான். ஏழாயிரம்பண்ணையில் அம்மா எல்லோருக்கும் புதுச் சேலை எடுத்திருந்தாள். என்னவென்று சொல்வது?

அப்போது கூட்டத்துக்குப் பின்னால் சைக்கிள் மணி அடித்தது.

"கொஞ்சம் வளி விடுங்க, வளி விடுங்க."

ஐம்பது வயசு இருக்கும். காக்கிக் கால்சட்டை, தோளில் ஆள் உயர இரும்புக் கம்பி, கம்பியின் தலையில் குறுக்கே ஒரு பிடி. சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, கேரியரில் செருகியிருந்த ஒரு காலண்டரை உருவி எடுத்தார். கைகூப்பிய கவுன்சிலர் அட்டையில் லேசாக மடங்கியிருந்தார்.

"என் பேரு சுடலை. இந்தக் காலண்டர்ல சொட்டு வைக்கிறது யாரு?"

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முனியராஜைக் கை காட்டினார்கள். இரும்புக் கம்பியைப் பார்த்ததும் முனியராஜ் ஒரு அடி பின்னால் போனான். டிரம் இடித்தது.

"அண்ணே, அடிக்கிறதுன்னா அடிங்க. இன்னைக்கு எல்லாரும் அந்த வேலயத்தான் பாக்காக."

"நான் எதுக்குத் தம்பி உங்கள அடிக்கேன்? ஒரு சந்தேகம் கேக்க வந்தேன். காலைல இந்தப் பக்கமா வந்தேன், முக்குல போர்டப் பாத்தேன். அதுல இருந்து கையும் ஓடல, காலும் ஓடல." கம்பியைத் தரையில் ஊன்றி அதன்மேல் சாய்ந்துகொண்டார். காலண்டரில் ஒரு தாளைத் தூக்கி, மார்ச் எட்டில் இருந்த நீலச் சொட்டின்மேல் விரலை வைத்தார்.

"முன்னாடியெல்லாம் நெனச்ச அன்னைக்குத் திருகுவேன், பொத்தாம் பொதுவா. ஜனவரில கவுன்சிலரு இதக் குடுத்ததுல இருந்து நீங்க எங்கன சொட்டு வச்சிருக்கீகளோ அன்னைக்குத்தான் தம்பி வால்வத் தெறக்கேன். இதுல நாளைக்குன்னு இருக்கு, போர்டுல இன்னைக்கும் நாளைக்கும்னு இருக்கு, ரெண்டுமே நீங்க எழுதுனதாம்ல, இப்பச் சொல்லுங்க, எப்பத் தெறக்கட்டும்?"